திண்ணைப் பள்ளியின் ஒரு நாள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்துச் சிற்றூர்ப் பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் கற்ற இடம் பெரும்பாலும் திண்ணைப் பள்ளிக்கூடம்தான். அதற்கென்று தனிக் கட்டடம் கிடையாது. ஆசிரியர் வீட்டுத் திண்ணையோ, ஊர்ப் பெரியவர் ஒதுக்கித் தந்த திண்ணையோ, கோயில் மண்டபமோ, சத்திரமோ, மரத்தடியோ பள்ளியாக இயங்கியது. ஆசிரியரை உபாத்தியாயர், வாத்தியார், அண்ணாவி, கணக்காயர் என்று ஊருக்கு ஏற்ப அழைத்தார்கள். அவருக்குக் கூலி பெற்றோர் கொடுத்த காசும் நெல்லும், பண்டிகை நாட்களில் வரும் வரிசைகளும்தான்.

இந்தப் பள்ளிகளின் பாடமுறையில் வீட்டுக்கு ஒரு நிலையான பங்கு இருந்தது. திண்ணையில் கேட்டதை வீட்டில் சொல்லிப் பழக வேண்டும். வீட்டில் பழகியதை மறுநாள் விடியற்காலையில் திண்ணையில் ஒப்பிக்க வேண்டும். பிள்ளையின் ஒரு நாள் முழுவதும் இந்தச் சுழற்சியை ஒட்டியே அமைந்தது.

ஐந்து வயதை ஒட்டி, பெரும்பாலும் விஜயதசமி அன்று, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பார்கள். தட்டில் பரப்பிய அரிசியிலோ நெல்லிலோ ஆசிரியர் பிள்ளையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைப்பார். அதையொட்டிய நவராத்திரி நாட்களில் 'மானம்பு' என்ற கொண்டாட்டமும் உண்டு. மாணவர்கள் அணிந்து அலங்கரித்துக்கொண்டு வீடுவீடாகப் பாடிச் செல்வார்கள். அப்போது கிடைக்கும் பணம் ஆசிரியருக்குச் சேரும்.

பள்ளி நாள் விடியுமுன்பே தொடங்கிவிடும். 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் இந்த அன்றாட ஒழுங்கை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பிள்ளைகள் வைகறையிலேயே திண்ணைக்கு வந்து முதல் நாள் பாடத்தை ஒப்பிக்க வேண்டும். பிறகு ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ போய்ப் பல் துலக்கி முகம் கழுவிக்கொண்டு, எழுதிப் பழகப் புது மணலும் எடுத்து வருவார்கள். காலைப் பாடத்துக்கு இடையில் பழையது சாப்பிட வீட்டுக்குப் போய் வர விடுவார்கள். நண்பகலில் மறுபடி சாப்பாட்டுக்கு இடைவேளை. பிற்பகலில் கூடும் பள்ளி, விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் கலையும்.

எழுதப் பழகுவதில் படிகள் இருந்தன. தரையில் பரப்பிய மணலில் சுட்டுவிரலால் எழுத்தை எழுதிக்கொண்டே அதன் ஒலியை உரக்கச் சொல்வது முதல் படி. கண்ணும் காதும் வாயும் விரலும் ஒன்றாக வேலை செய்ததால் எழுத்து மனத்தில் எளிதில் பதிந்தது. பிழை நேர்ந்தால் மணலைத் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். எழுதுபொருளுக்குச் செலவே இல்லை. கை தேறிய பிறகு பனையோலையும் எழுத்தாணியும் வரும். ஆசிரியர் எழுதித் தரும் மாதிரி ஓலைக்கு வரிச்சட்டம் என்று பெயர். அதைப் பார்த்து எழுதி எழுதியே பிள்ளை தன் சுவடியைத் தானே உருவாக்கிக்கொள்ளும். கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய ஓலையின்மேல் மை தடவுவார்கள்.

அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி போன்ற நீதி நூல்கள் மனப்பாடமாகும். அடுத்து சதகங்களும் நிகண்டும் வரும். நிகண்டை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அகராதியைப் புரட்டும் தேவை இருக்கவில்லை. சொற்களும் பொருள்களும் நாவிலேயே இருந்தன.

கணக்குப் பாடத்துக்கு எண்சுவடி அடிப்படை. முழு எண்களோடு கீழ்வாய் இலக்கம் எனப்படும் பின்னங்களையும் சிறு வயதிலேயே ஓதினார்கள். இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. இவற்றின் பெருக்கல் வாய்பாடுகளைப் பிள்ளைகள் தாளத்தோடு பாடிப் பழகினார்கள். நெல்லிலக்கம் முகத்தல் அளவையையும், பொன்னிலக்கம் நிறுத்தல் அளவையையும், குழிமாத்து நிலத்தின் பரப்பையும் கணிக்கக் கற்றுக்கொடுத்தன. களத்துமேட்டிலும் கடையிலும் நில அளவையிலும் அன்றாடம் புழங்கிய கணக்குகள் இவை. பள்ளியில் ஓதியது ஊரில் உடனே பயன்பட்டதால் கற்றது மறக்கவில்லை.

ஒரே திண்ணையில் பல நிலைகளில் பிள்ளைகள் இருப்பார்கள். ஒருவர் மணலில் எழுதும்போது மற்றொருவர் நிகண்டு ஓதுவார். தேர்ந்த மாணவன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக அமர்த்தி, இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஒப்பிப்பதைக் கேட்கவும் ஆசிரியர் பணிப்பார். வகுப்புகள், ஆண்டுத் தேர்வு என்ற பிரிவுகள் இல்லை. அவரவர் வேகத்துக்கு ஏற்ப அவரவர் முன்னேறினர்.

மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சிலவற்றைச் சொல்லி அனுப்பும் வழக்கம் இருந்தது. பிள்ளை அவற்றை இரவு முழுவதும் நினைவில் வைத்திருந்து காலையில் மறக்காமல் சொல்ல வேண்டும். நினைவாற்றலை வளர்க்க வகுத்த சிறு பயிற்சி அது. காசோ கருவியோ தேவைப்படாத அந்த வீட்டுப்பாடம், பிள்ளையின் சொல்வளத்தையும் ஊரறிவையும் நாள்தோறும் ஒரு படி கூட்டியது.

இந்தக் கல்வியின் பரப்பைக் காட்டும் அரசு ஆவணங்களும் கிடைத்துள்ளன. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டக் கலெக்டர்களிடம் பள்ளிகளைப் பற்றிய விவரம் கேட்டார். 1826 மார்ச் 10 தேதியிட்ட அவருடைய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். பள்ளிக்குச் சராசரியாகப் பதினைந்து பிள்ளைகள் என்று இதிலிருந்து தெரிகிறது. வீட்டிலேயே கற்ற பிள்ளைகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. சென்னை நகரில் மட்டும் வீட்டில் கற்போர் சுமார் 26,900 பேர், அதாவது பள்ளியில் கற்போரைப்போல் ஐந்து மடங்கு என்று விவரம் வந்தது. அந்த எண்ணில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயப்பட்டார். ஆனாலும் வீட்டுக் கல்வியையும் சேர்த்துப் பார்த்தால், ஆண் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஏதோ ஒரு வகையில் கல்வி பெற்றனர் என்று அவர் மதிப்பிட்டார். காந்தியவாதியான தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலில் இந்த ஆவணங்களைத் தொகுத்துத் தந்தார்.

திண்ணைப் பள்ளியின் முறை கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789 முதல் நடத்திவந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அதைத் தம் இல்லத்தில் புகுத்த முயன்றபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயது மாணவன் ஒருவனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். அவன் அதைச் செவ்வையாகச் செய்துகாட்டினான். மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாடு இப்படி அங்கே வேரூன்றியது. 1797இல் லண்டனில் பெல் வெளியிட்ட நூல் வழியாக அது 'சென்னை முறை' என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளுக்குப் பரவியது.

திண்ணைக் கல்விக்குப் பெருங்குறைகளும் இருந்தன. மன்றோவின் கணக்கில் உள்ள மாணவர்களில் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. தீண்டாமைக்கு ஆளான சாதிகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான ஊர்களில் திண்ணையில் இடமில்லை. தண்டனைகளும் கொடியவை. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம், காலில் பூட்டும் கட்டை, பிரம்படி ஆகியவை வழக்கத்தில் இருந்தன. பொருள் தெரியாமலே ஓதும் நிலை பல பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

1854ஆம் ஆண்டின் உட் (Wood) கல்வி அறிக்கைக்குப் பிறகு அரசின் பார்வை இந்தப் பள்ளிகள்மேல் விழுந்தது. உதவித்தொகை பெற விரும்பிய பள்ளிகள் அரசு வகுத்த பாடங்களை நடத்தி, ஆய்வாளர் வைக்கும் சோதனையில் பிள்ளைகளைத் தேற வைக்க வேண்டியிருந்தது. அச்சுப் புத்தகமும் சிலேட்டும் வந்ததும் மணலும் ஓலையும் ஒதுங்கின. மெட்ரிக் அளவைகள் வந்தபின் முந்திரி, காணி வாய்பாடுகளுக்கும் வேலை இல்லாமல் போனது. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி என்பது பொதுக் கல்வியால்தான் நடக்கக்கூடியதாயிற்று. 1920ஆம் ஆண்டின் சென்னை தொடக்கக் கல்விச் சட்டமும், காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் அந்தப் பாதையின் முக்கியமான கட்டங்கள். ஒரு சில திண்ணைப் பள்ளிகள் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்து நடந்து மெல்ல மறைந்தன.

வீட்டருகே கற்றல் என்ற தேவை 2020இல் மீண்டும் எழுந்தது. கொரோனா பரவலால் தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் இறுதிவரை மூடிக்கிடந்தன. இந்த இடைவெளியில் பிள்ளைகள் இழந்த கல்வியை ஈடுகட்ட, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, அவர்கள் வசிக்கும் பகுதியிலேயே, தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். திண்ணைப் பள்ளியில் அரிதாகவே இடம் பெற்றிருந்த பெண்களே இந்தத் தன்னார்வலர்களில் பெரும்பான்மையினர். சாதி, பால் என்ற எந்தத் தடையும் இன்றி எல்லாப் பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்தனர்.

கைவிட வேண்டியதும் கைக்கொள்ள வேண்டியதும் திண்ணைப் பள்ளியின் வரலாற்றில் சேர்ந்தே இருக்கின்றன. பிரம்பும் சாதித் தடையும் ஒழிய வேண்டியவை, ஒழிந்தது நல்லது. விரலால் எழுதிக்கொண்டே வாயால் சொல்வது, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிப்பது, அன்றாடப் புழக்கத்திலிருந்தே கணக்கைக் கற்பது, நாளுக்கு ஒரு பூவும் பறவையும் ஊரும் நினைவில் நிறுத்துவது ஆகிய நான்கும் எந்தச் செலவுமின்றி இன்றும் எந்த வீட்டிலும் செய்யக்கூடியவை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியரும் இவற்றை மீண்டும் கையில் எடுக்க வேண்டும்.