பெட்ரோல் முள் சொன்ன பொய்கள்

கார் ஓட்டுகிற எல்லோரும் நம்புவது டாஷ்போர்டில் இருக்கும் அந்தச் சின்ன பெட்ரோல் முள்ளை. ஆனால் அது காருக்குத் தாமதமாக வந்த விருந்தாளி!

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் முள்ளே கிடையாது. டேங்க் முன் சீட்டுக்கு அடியில். சீட்டை எடுத்து, மூடியைத் திறந்து, குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். குச்சி நனைந்த அளவுதான் கணக்கு. இன்னொரு வேடிக்கை, அதில் பெட்ரோல் பம்பும் இல்லை. பெட்ரோல் தானாக இறங்கித்தான் எஞ்சினுக்குப் போகும். டேங்கில் குறைவாக இருந்தால் செங்குத்தான மேட்டில் வண்டி நின்றுவிடும். அதனால் ரிவர்ஸிலேயே மேடேறியவர்கள் உண்டு.

1927 கடைசியில் வந்த மாடல் ஏ-யில் டேங்க் டாஷ்போர்டுக்கு நேர் முன்னால் வந்தது. உள்ளே மிதக்கும் மிதவையே டயலை அசைத்தது. நடுவில் கம்பியோ மின்சாரமோ இல்லை, பொய் சொல்லவும் வழி குறைவு. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலோ இதற்கெல்லாம் மெனக்கெடவே இல்லை. வண்டி திணறினால் காலருகே உள்ள ரிசர்வ் குழாயைத் திருப்ப வேண்டியதுதான். அமெரிக்காவுக்குப் போன பீட்டில்களுக்கு முள் கிடைத்தது 1962 மாடலில்தான்.

டேங்க் பின்பக்கம் போனதும் மின்சாரம் தேவைப்பட்டது. மிதவையோடு சேர்ந்த ஒரு கை, மின்தடைப் பட்டையின் மேல் நகரும். அதற்கேற்ப மின்னோட்டம் மாறும், முள்ளும் மாறும். பெட்ரோல் குலுங்கும்போதெல்லாம் முள் ஆடக்கூடாது என்று, சூடானால் மெதுவாக வளையும் உலோகத் தகட்டை வைத்தார்கள். அதாவது முள்ளை வேண்டுமென்றே மந்தமாக்கினார்கள். டேங்கின் வடிவமும் கோணல்மாணல். பல கார்களில் முதல் பாதி மெதுவாகவும் மறுபாதி வேகமாகவும் இறங்குவது இதனாலும்தான்.

பழுது எங்கே என்று பார்க்க மெக்கானிக்குகளிடம் ஒரு பழைய வழி உண்டு. பழைய வகை வண்டிகளில் டேங்கிலிருந்து வரும் ஒயரைக் கழற்றி வண்டியின் பாடியில் தொடுவார்கள். முள் ஒரு கோடிக்கு ஓடினால் முள்ளும் ஒயரும் சரி, கோளாறு டேங்குக்குள். மைலேஜ் காட்டும் கம்ப்யூட்டர் வேறு கதை. அது பொதுவாக மிதவையைப் பார்ப்பதில்லை, இன்ஜெக்டர் எவ்வளவு பெட்ரோல் விட்டது என்று கணக்குப் போடுகிறது. ஆகவே முள் பொய் சொல்லும்போதும் மைலேஜ் சரியாக இருக்கலாம். இரண்டையும் சோதிக்க, டேங்க் நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பி, லிட்டரால் கிலோமீட்டரை வகுப்பதே நம்பகமான வழி.

ஆனால் வண்டியில் ஒரு குறையும் இல்லாமலேயே முள் பொய் சொன்ன கதையும் உண்டு. 2004 மே மாதம் அமெரிக்காவின் ஃப்ளோரிடா, லூசியானா பக்கம் கார்களின் முட்கள் திடீரென்று கெட்டுப்போயின. டேங்க் காலியான பிறகும் 'ஃபுல்' காட்டிய வண்டிகள் இருந்தன. குற்றவாளி பெட்ரோல்தான்! லூசியானாவின் நார்கோ சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்த பெட்ரோலில் கந்தகம் இருந்தது. மிதவைக் கருவியின் தொடுமுனைகளில் இருப்பது வெள்ளி. கொலுசு கறுப்பது போல அதுவும் கறுத்து, மின்சாரம் ஒழுங்காகப் பாயவில்லை. ரிப்பேர் செலவை ஷெல் ஏற்றுக்கொண்டது. பிறகு அமெரிக்கப் பெட்ரோல் தர விதிகளில், வெள்ளித் தகட்டை பெட்ரோலில் போட்டு அரிக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் சேர்ந்தது.