முதிய பெண் பாத்திரங்கள் (தமிழ்த் திரைப்படம்)

தமிழ்ப் படங்களில் வயதான பெண் நெடுங்காலம் அம்மா, அப்பத்தா, மாமியார் என்றே வந்து போனாள். அவளுக்கென்று ஒரு கதை வாய்ப்பது அரிது. பெரிய விதிவிலக்கு ஜெமினியின் ‘ஔவையார்’ (1953). கே. பி. சுந்தராம்பாள் கோலூன்றிய மூதாட்டியாக வந்து முழுப் படத்தையும் தம் குரலில் தாங்கினார். ஆனால் அந்த ஔவையும் இல்லறம் துறந்த தெய்வப்புலவர்தான்.

பிறகு முதுமை பெரும்பாலும் ஒப்பனையாகவே இருந்தது. ‘முதல் மரியாதை’யில் (1985) சிவாஜியின் மனைவியாக நடித்தபோது வடிவுக்கரசிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ‘நாயகன்’ (1987) நாயகி சரண்யா, ‘தென்மேற்குப் பருவக்காற்று’ (2010) படத்தின் கிராமத்துத் தாயாகத் தேசிய விருது பெற்றார். விருது உயர்ந்தது, வேடம் அம்மாவாகவே நின்றது.

அண்மைப் படங்கள் இந்தக் கட்டை அவிழ்க்கின்றன. ஹலிதா ஷமீமின் ‘சில்லுக்கருப்பட்டி’யில் (2019) லீலா சாம்சன், கடல் ஆமைகள்மீது அக்கறை கொண்ட தனித்த பெண், மருத்துவமனையில் அறிமுகமான முதியவரோடு அவருக்கு மெல்ல அன்பு அரும்புகிறது. சுரேஷ் மாரியின் ‘ஜெ பேபி’யில் (2024) காணாமல்போன தாய் கொல்கத்தாவில் இருப்பது தெரிந்து, பேச்சுவார்த்தை அற்றுப்போன இரு மகன்கள் அழைத்துவரக் கிளம்புகிறார்கள். ஊர்வசி நடித்த அந்தத் தாய் பேபி தியாகச் சிலை அல்ல: அடம்பிடிப்பாள், வைவாள், மறுகணமே குழந்தையாய்ச் சிரிப்பாள்.