ஆனந்தப்புரவியின் சொந்தக்காரர்



ஆனந்தரங்கப் பிள்ளை என்றதும் நமக்கு இரண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். துய்ப்ளெக்ஸ் துரையின் துபாஷ், நாட்குறிப்பு எழுதியவர். பாடப்புத்தகத்திலும் ஏறக்குறைய இவ்வளவுதான், அதற்கு மேல் சொல்லப் பாடவேளை இடம் கொடுக்காது. ஆனால் அந்த மனிதர் அடிப்படையில் ஒரு வணிகர். அதிலும் சொந்தமாகக் கப்பல் வைத்திருந்த வணிகர். கப்பலின் பெயர் ஆனந்தப்புரவி.

பெயரைக் கொஞ்சம் பாருங்கள். புரவி என்றால் குதிரை. தன் பெயரில் பாதியை எடுத்துக் குதிரைக்கு முன்னால் ஒட்டிவிட்டார். பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைப்பது போல ஆசையாக வைத்த பெயர் அது. கவர்னருக்குப் பிரியமான பெயரை வைத்திருக்கலாம், பிரெஞ்சில் வைத்திருக்கலாம். அவர் தமிழில் வைத்தார். எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

பிள்ளை 1709-இல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். அப்பா திருவேங்கடம் பிள்ளை குடும்பத்தோடு புதுச்சேரிக்கு வந்து வியாபாரம் செய்தார். கவர்னர் லெனுவார் காலத்தில் மகனுக்குப் பரங்கிப்பேட்டை பிரெஞ்சுக் கிடங்கின் பொறுப்பு கிடைத்தது. லாலாப்பேட்டையிலும் ஆர்க்காட்டிலும் மண்டி வைத்து, ஐரோப்பியச் சரக்கை விற்று உள்நாட்டுச் சரக்கை வாங்கினார். துணி நெய்பவரையும் தெரியும், சாயம் போடுபவரையும் தெரியும், கடல் கடந்து வாங்குபவரையும் தெரியும். அப்படிப்பட்டவருக்குக் கப்பல் வாங்க ஆசை வராமல் இருக்குமா? அடுத்தவர் கப்பலில் சரக்கு ஏற்றினால் அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் நாளில் அனுப்ப வேண்டும். சொந்தக் கப்பல் என்றால் நாளும் நம்முடையது, இடமும் நம்முடையது.

ஆனால் அந்தக் காலத்துப் புதுச்சேரியில் கப்பல் வைத்திருப்பது யானை கட்டித் தீனி போடுவதைவிடக் கஷ்டம். முதலில் இங்கே துறைமுகமே கிடையாது. நாம் காலையில் நடை போகிற கடற்கரைக்கு எதிரே, திறந்த கடலில்தான் கப்பல் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் அலை மடிந்து உடைகிற பகுதி இருக்கிறதே, அதைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆணி அடித்த படகு அதில் தரை தட்டினால் பிளந்துவிடும். நம் ஆட்களின் சலங்குதான் தாண்டும். ஆங்கிலேயர் மசூலா என்று சொன்னது இதைத்தான். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள், ஓர் ஆணி இருக்காது. அலை அடித்தால் படகு நெளிந்து கொடுக்கும். துணி மூட்டையிலிருந்து கவர்னர் வரைக்கும் எல்லாம் இந்தத் தையல் படகில்தான் கரை ஏறின. எவ்வளவு பெரிய கப்பலுக்குச் சொந்தக்காரராக இருந்தாலும் சலங்குக்காரர் துடுப்பைப் பிடிக்கவில்லை என்றால் ஒரு மூட்டை ஏறாது. இரும்புப் பாலம் கட்டினது 1866-இல்தான். அதையும் 1952 புயல் கொண்டுபோய்விட்டது.

அடுத்தது பருவம். ஐப்பசி பிறந்துவிட்டால் சோழமண்டலக் கரையில் கப்பல் நிற்கக் கூடாது. பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் மொரீசியஸுக்குப் போய்விடும், இங்கிலீஷ் கப்பல்கள் பம்பாய்க்கோ திருகோணமலைக்கோ போய்விடும். போகாமல் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 1746 அக்டோபர் ஒன்றே போதும். சென்னையைப் பிடித்த லபூர்தொனே தன் கப்பல்களை அங்கே நிறுத்தி வைத்திருந்தபோது புயல் வந்தது. ஒரே இரவில் கப்பல்களும் போயின, நூற்றுக்கணக்கான ஆட்களும் போனார்கள்.

புயலுக்குத் தப்பினால் புழு. வெப்பக் கடலில் மரத்தைத் துளைக்கும் ஒரு ஜீவன் உண்டு. வெளியே பார்த்தால் பலகை புதிதாகத் தெரியும், உள்ளே சல்லடையாக இருக்கும். அதனால் கப்பலை அவ்வப்போது கரைக்குக் கொண்டுவந்து சாய்த்து, அடிப்பக்கத்தைச் சுரண்டி, சுண்ணாம்பையும் எண்ணெயையும் குழைத்துப் பூச வேண்டும். நம் ஏனாமுக்குப் பக்கத்தில் உள்ள கோரங்கி இந்த வேலைக்குப் பேர்போன ஊர். கப்பல் கட்டவும் பழுது பார்க்கவும் அங்கேதான் போவார்கள். 1839-இல் கடல் புகுந்து அந்த ஊரையே அழித்தது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இதற்கெல்லாம் பணம்? அங்கேதான் அந்தக் கால வணிகர்களின் சாமர்த்தியம். கப்பலின் பேரில் கடன் வாங்குவார்கள். பயணம் நல்லபடியாக முடிந்தால் அதிக வட்டியோடு திருப்பித் தர வேண்டும். கப்பல் முழுகினால் கடனும் முழுகிவிடும், கொடுத்தவர் கேட்க முடியாது. இன்றைய இன்ஷூரன்சுக்கு இது பாட்டன். ஒரே ஆள் தன் சரக்கு முழுவதையும் ஒரே கப்பலில் ஏற்றவும் மாட்டார், இரண்டு மூன்று கப்பலில் பிரித்து ஏற்றுவார். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று நம் பாட்டிமார் சொன்னது சும்மா இல்லை. கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்த கப்பல்காரர்களை இந்தக் கரை நிறையப் பார்த்திருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை கொடி. 1744-இல் ஐரோப்பாவில் பிரான்சும் இங்கிலாந்தும் சண்டை போட ஆரம்பித்தன. எங்கேயோ இரண்டு ராஜாக்களுக்குள் தகராறு, பிடிபட்டது நம் கடலில் போன கப்பல்கள். இங்கிலீஷ் தளபதி பார்னெட் பிரெஞ்சுக் கப்பல்களை வழியிலேயே மடக்கினார். அவற்றில் துய்ப்ளெக்ஸ் சொந்தப் பணம் போட்டிருந்த கப்பலும் இருந்தது. கவர்னருக்கே இந்தக் கதி என்றால் புதுச்சேரியில் இருந்து கப்பல் அனுப்பும் ஒரு தமிழ் வணிகருக்கு எப்படி இருந்திருக்கும்? கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகு கடிதம் இல்லை, தந்தி இல்லை. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அடிவானத்தில் பாய்மரம் தெரிந்தாலும் உடனே சந்தோஷப்பட முடியாது, என்ன கொடி என்று பார்க்க வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நாட்குறிப்பைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. 1736 செப்டம்பரில் தொடங்கும் அந்தக் குறிப்பில் எந்தக் கப்பல் வந்தது, எங்கிருந்து வந்தது, எத்தனை பீரங்கி போட்டு மரியாதை செய்தார்கள் என்று எண்ணி எண்ணி எழுதுகிறார். பீரங்கிச் சத்தத்தை எதற்கு இவ்வளவு எண்ணுகிறார் என்று சிலருக்குச் சலிப்பாக இருக்கும். கப்பலில் பணம் போட்டவருக்கு அது வெறும் சத்தம் இல்லை ஐயா.

இந்த இடத்தில் வ.உ.சி.யையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1906-இல் 25 ரூபாய் வீதம் 40 ஆயிரம் பங்கு, 10 லட்சம் முதல் என்று சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வந்தது. 1912 கடைசியில் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. பிள்ளை அதிகாரத்தோடு ஒட்டி நின்று கப்பல் விட்டவர், வ.உ.சி. அதிகாரத்தை எதிர்த்துக் கப்பல் விட்டவர். இருவரையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாரில்லை. ஆனால் கடலில் தமிழனுக்கும் ஒரு பாய்மரம் வேண்டும் என்று நினைத்தது இருவருக்கும் பொது.

என்னிடம் படித்த ஒருவர் இப்போது வைத்திக்குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். "சார், படகு எங்க பேர்ல இருக்கு. ஆனா டீசலு, ஐசு, வலை எல்லாம் போக மிச்சம்தான் பங்கு. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். 61 நாளு சும்மா கரையில நிக்கும், அப்பதான் அதுக்குச் செலவே அதிகம்" என்று சிரித்தார். என்ஜின் பழுது, பெயிண்ட், பிளவு ஒட்டுவது என்று கணக்கு சொன்னார். சுண்ணாம்பும் எண்ணெயும் போய் வேறு பொருள் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்புறம் ஒன்று சொன்னார்: "நாலு பேரை ஏத்திட்டுப் போறேன், நாலு பேரையும் வீட்ல கொண்டுபோய் விடணும் சார். மீன் அப்புறம்."

பிள்ளையின் கடைசி நாட்களும் கடலோடுதான் முடிகின்றன. 1760 முடியும்போது இங்கிலீஷ் படை தரையிலும் கடலிலும் புதுச்சேரியை வளைத்திருந்தது. ஊரில் சாப்பாடு இல்லை. 1761 ஜனவரி 1-ஆம் தேதி பெரும் புயல் அடித்து, முற்றுகைக்கு நின்ற இங்கிலீஷ் கப்பல்களில் சில முழுகின, சில கரையில் மோதி உடைந்தன. ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பிழைத்தோம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் சில நாட்களிலேயே வேறு கப்பல்கள் வந்து மறுபடி வழியை அடைத்துக்கொண்டன. ஜனவரி 12-இல் ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார். 16-இல் ஊர் சரணடைந்தது. பிறகு கோட்டையையும் வெள்ளைக்காரர் பகுதியையும் இங்கிலீஷ்காரர்கள் இடித்துத் தள்ளினார்கள்.

பிள்ளையின் வீடு மட்டும் பெரிய மார்க்கெட் பக்கத்தில், ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கிறது. கீழ்த்தளத்தில் நம்மூர் மரத்தூண்கள். மேல்தளத்தில் பிரெஞ்சு பாணியில் காரைத்தூண்கள்.