அழைப்பு வராத அணி



அந்தியோகியா சபையில் நடந்த ஒரு சம்பவத்தைக் கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் எழுதியிருக்கிறார். புறஜாதியாரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அவர்களுக்குப் பயந்து மெல்ல விலகிக்கொண்டார். பேதுரு தம் உபதேசத்தை மாற்றவில்லை; உட்காரும் இடத்தை மட்டும் மாற்றினார். ஆனால் அதுவே சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு விரோதம் என்று பவுல் கண்டார், முகமுகமாய் எதிர்த்தார்.

இந்தப் பகுதியைத் தியானிக்கும்போதெல்லாம், 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாழ்ந்த சில கல்லூரி மாணவர்கள் என் நினைவுக்கு வருகிறார்கள்.

கலிபோர்னியாவிலுள்ள சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் இயேசு சபைத் துறவிகளால் 1855இல் தொடங்கப்பட்டது. அதன் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பெரிய பணபலம் கிடையாது. ஆனால் ஜோ குஹாரிச் என்ற பயிற்சியாளரின் கீழ் அவ்வணி 1951ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. தோல்வியும் இல்லை, சமனும் இல்லை. ஓலி மாட்சன் என்ற வீரர் பந்தை ஏந்தி ஓடிக் கடந்த தூரம் அந்தப் பருவத்தில் 1,566 யார்டு. நாட்டிலேயே அதுதான் முதலிடம். தற்காப்பு வரிசையில் பர்ல் டோலர் கோட்டைச் சுவர்போல் நின்றார். இருவரும் கறுப்பினத்தவர். அவர்களோடு தோள்கொடுத்து ஆடியவர்களில் ஒருவர் ஜினோ மார்செட்டி. இரண்டாம் உலகப் போரில் போர்வீரராயிருந்து திரும்பியவர்.

பருவம் முடிந்ததும் சிறந்த அணிகளைப் புத்தாண்டை ஒட்டி நடக்கும் 'பௌல்' போட்டிகளுக்கு அழைப்பது அந்நாட்டு வழக்கம். அவ்வழைப்பில் புகழும் உண்டு, கல்லூரிக்கு வருமானமும் உண்டு. ஆனால் மயாமியின் ஆரஞ்சு பௌல், நியூ ஆர்லியன்சின் சுகர் பௌல் முதலிய பெரிய போட்டிகள் நிறவேற்றுமைச் சட்டங்கள் ஆண்ட தென் மாநிலங்களில் நடந்தன. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல்தான். இது அதற்கு மூன்றாண்டு முந்திய காலம்.

அந்த அணிக்கும் செய்தி எட்டியது: இரண்டு கறுப்பின வீரர்களையும் விட்டுவிட்டு வருவீர்களானால் அழைப்பு உண்டு. வீரர்கள் நீண்ட ஆலோசனை எதுவும் நடத்தவில்லை என்றே பிற்காலத்தில் சாட்சி கூறினார்கள். எல்லோரும் போவோம், இல்லையேல் ஒருவரும் போகமாட்டோம் என்பதே அவர்கள் முடிவு. அழைப்பு வரவில்லை. 1952 புத்தாண்டு நாளில் ஆரஞ்சு பௌல் மைதானத்தில் வேறு இரண்டு அணிகள் ஆடின.

அன்பானவர்களே, இதற்குப் பின் பலன் உடனே வந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பணநெருக்கடியில் இருந்த பல்கலைக்கழகம் அந்தப் பருவத்தோடு அணியையே கலைத்துவிட்டது. பௌல் போட்டியின் வருமானம் கிடைத்திருந்தால் ஒருவேளை அணி பிழைத்திருக்கும். அடுத்த ஆண்டு ஒரு காட்சி ஆட்டத்தில் டோலரின் முழங்கால் முறிவுபட்டது. தொழில்முறை வீரராகும் அவர் கனவு அங்கேயே முடிந்தது. நீதியைச் செய்தவனுக்கு மாலைக்குள் கூலி கிடைக்கும் என்று நாம் பிரசங்கிப்போமானால், இந்த வீரர்கள் எழுந்து நம்மைத் திருத்துவார்கள்.

இன்னொன்றையும் மறவாதிருப்போம். வெள்ளை வீரர்கள் இழந்தது ஓர் ஆட்டம். மாட்சனும் டோலரும் சுமந்ததோ அன்றாட அவமானம். நண்பர்கள் அந்தச் சுமையை நீக்கவில்லை. ஒரு நாளாவது அதன் ஒரு முனையைப் பிடித்தார்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது பற்றி அதே கலாத்தியர் நிருபம்தான் பின்னால் பேசுகிறது.

ஆனாலும் கர்த்தர் மறக்கிறவர் அல்லர். மாட்சன் 1952இல் ஹெல்சின்கி ஒலிம்பிக் ஓட்டங்களில் இரண்டு பதக்கங்கள் பெற்றார். டோலர் ஆசிரியரானார், பள்ளித் தலைமையாசிரியரானார். 1965இல் அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீகின் முதல் கறுப்பின நடுவரானார். மைதானத்தில் அவரை விலக்க நினைத்த விளையாட்டு, பின்பு அவர் ஊதலுக்குக் கட்டுப்பட்டது. 2017இல் பல்கலைக்கழகம் தன் மாணவர் விடுதி ஒன்றுக்கு டோலரின் பெயரைச் சூட்டியது. அதுவரை அக்கட்டடம் தாங்கியிருந்தது ஜேம்ஸ் ஃபீலன் என்பவரின் பெயர். கலிபோர்னியா வெள்ளையருடையதாகவே இருக்கவேண்டும் என்று வாக்குக் கேட்ட செனட்டர் அவர். அப்போது டோலர் உயிரோடு இல்லை. 2009இலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார்.

அன்பான வாசகரே, இனி கேள்வி உங்களிடமும் என்னிடமும் வருகிறது. நம்மை அழைத்து, நம் சகோதரனை வாசலில் நிறுத்தும் பந்தி எது? நிறமாயிருக்கலாம்; நம் நடுவில் பெரும்பாலும் சாதியாயிருக்கிறது. யாரையும் பகைக்கிறேன் என்று நாம் சொல்வதில்லை. எழுந்து வேறிடத்தில் உட்காருகிறோம், அவ்வளவுதான். பேதுருவும் அவ்வளவுதான் செய்தார்.

இந்த வாரம் உங்களுக்கு ஓர் அழைப்பு வந்தால், அதில் யாருடைய பெயர் இல்லை என்று ஒருமுறை பாருங்கள்.

ஜெபம்: பிதாவே, எங்கள் சகோதரன் இல்லாத பந்தியில் எங்களுக்குப் பசி எடுக்காதிருக்கச் செய்யும். பயத்தினால் விலகிய வேளைகளை மன்னியும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.