ஒரு மணி நேரத் துப்பறிவாளர்கள்: சார்லி சானும் மிஸ்டர் வாங்கும் கீ லூக்கும்

போன எபிசோட் கொஞ்சம் கனமா போயிடுச்சு, இந்த வாரம் லேசா ஏதாவது பேசலாம்னு பழைய ஹாலிவுட் துப்பறியும் படங்களை எடுத்தேன். தயார் பண்ணப் பண்ண, இதுவும் அவ்வளவு லேசான விஷயம் இல்லைன்னு தெரிஞ்சது.

எனக்கு இந்தப் பழக்கம் வந்தது ஆன்-கால் ட்யூட்டியால. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர்ல பிரச்சினைன்னு போன் அடிக்கும். சரி பண்ணிட்டு, மறுபடி விழுந்துடுமோன்னு ஒரு மணி நேரம் பார்த்துக்கிட்டே இருக்கணும். தூக்கமும் வராது, மூணு மணி நேரப் படமும் பார்க்க முடியாது. அந்த இடைவெளிக்குச் சரியா அமைஞ்சது 1930கள், 40களின் பி படங்கள். ஒரு கொலை, ஆறு சந்தேக நபர்கள், ஒரு துப்பறிவாளர். கடைசியில் எல்லாரையும் ஒரே அறையில் கூட்டி, அறுபது எழுபது நிமிஷத்தில் கதையை முடிச்சுடுவார்கள்.

ஏன் அந்த நீளம்? பொருளாதார மந்தக் காலத்தில் அமெரிக்கத் தியேட்டர்களுக்குக் கூட்டம் குறைந்தது. ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் என்ற முறை பரவியது. முதல் படம் பெரிய நட்சத்திரங்களின் ஏ படம், கூட வருவது பி படம். ஏ படத்துக்கு வசூலில் பங்கு உண்டு. பி படத்துக்கு பெரும்பாலும் நிலையான வாடகைதான். படம் பிரமாதமாக ஓடினாலும் அதே தொகை. அப்போ லாபம் எங்கே வரும்? செலவைக் குறைப்பதில் மட்டும்தான். மோனோகிராம் மாதிரி சின்ன ஸ்டூடியோக்கள் இந்தக் கணக்கில்தான் பிழைத்தன.

துப்பறியும் கதை இதுக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை. பெரிய கூட்டம் வேண்டாம், நாலு அறை போதும். இருட்டா இருந்தால் செட்டின் குறை தெரியாது. மூடுபனி விட்டால் தெருவே கட்ட வேண்டாம். அதே துப்பறிவாளர் திரும்பத் திரும்ப வருவதால் அவரை ஒவ்வொரு முறையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நேரா கொலைக்குப் போயிடலாம். நாம ரசிக்கிற அந்த வேகமும் நிழலும் பாதிக்கு மேல பணம் இல்லாததால் வந்தவை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது சார்லி சான் படங்கள். எர்ல் டெர் பிகர்ஸ் என்ற எழுத்தாளர் 1925 நாவலில் படைத்த ஹொனலூலு போலீஸ் துப்பறிவாளர். நிதானமானவர், எல்லாரையும் விட புத்திசாலி. உற்சாகத்தில், கூட வேலை பார்க்கும் ஒரு மலேசியச் சீனத் தோழியிடம் பார்க்கச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் நிறுத்திட்டாங்க. "கொலைகாரன் யாருன்னு நீ யோசிக்கிற. இந்த ஆளு யாருன்னு நான் யோசிக்கிறேன்"னு சொன்னாங்க.

அவங்க கேட்டது நியாயம். சானாக நடித்த வார்னர் ஓலண்ட் ஸ்வீடனில் பிறந்தவர். அவருக்குப் பின் வந்த சிட்னி டோலரும் வெள்ளைக்காரர். மேக்கப், உடைந்த ஆங்கிலம், பேச்சுக்குப் பேச்சு ஒரு பழமொழி. 'படோசன்' படத்தில் மெஹ்மூத் செய்த தமிழ்ப் பாட்டு வாத்தியாரைப் பார்த்து நான் நெளிந்தது அப்போதான் ஞாபகம் வந்தது. அதைப் பார்த்து நெளிந்தவனுக்கு இது ஏன் உறுத்தவில்லை?

இங்கேதான் கீ லூக் வருகிறார். 1904-ல் சீனாவில் பிறந்து, சியாட்டிலில் வளர்ந்து, சினிமா விளம்பர ஓவியராக இருந்தவர். 1935-ல் 'சார்லி சான் இன் பாரிஸ்' படத்தில் சானின் மூத்த மகன் லீ ஆனார். அப்பா வேஷத்தில் ஸ்வீடன்காரர், மகன் வேஷத்தில் நிஜமான சீனர். 1938-ல் ஒரு படப்பிடிப்பின் நடுவில் ஓலண்ட் விலகிவிட்டார். அதே வருஷம் இறந்தும் போனார். ஃபாக்ஸ் எடுத்ததை வீணாக்கவில்லை. கதையைத் திருத்தி, பீட்டர் லோரி நடிக்கும் மிஸ்டர் மோட்டோ படமாக மாற்றிவிட்டது. லீ சான் மட்டும் அப்படியே இருக்கிறார், மோட்டோவின் மாணவராக! மெயின் மாட்யூலைத் தூக்கிட்டு வேற ஒண்ணு மாட்டின கோடு மாதிரி.

மோனோகிராம் தன் பங்குக்கு மிஸ்டர் வாங் என்ற சீனத் துப்பறிவாளரைக் கொண்டுவந்தது. ஐந்து படங்களில் நடித்தவர் ஃபிராங்கன்ஸ்டைன் புகழ் போரிஸ் கார்லாஃப், ஆங்கிலேயர். ஆறாவது படம் 1940-ன் 'பாண்டம் ஆஃப் சைனாடவுன்'. அதில் வாங், கீ லூக்.

பட்ஜெட் பெருசா எதுவும் இல்லை. மங்கோலியாவிலிருந்து திரும்பிய ஒரு தொல்லியல் பேராசிரியர், மேடையில் பேசும்போது தண்ணீர் குடித்துச் சரிகிறார். ஆனால் இந்த வாங் மேக்கப் இல்லாத முகத்தோடு, சரளமான ஆங்கிலத்தில் பேசுகிறார். சீனர்களும் ஜார்ஜ் வாஷிங்டனின் கல்லறையைத் தோண்ட ஒரு குழு அனுப்பப் போவதாக ஒரு இடத்தில் கிண்டலடிக்கிறார். அடுத்தவன் கல்லறையைத் தோண்டுவதை அறிவியல்னு சொல்றவங்களுக்கு, 1940-ல், சிரிச்சுக்கிட்டே ஒரு குத்து.

அதோடு வாங் தொடர் முடிந்தது. கீ லூக் மறுபடி துணை வேடங்களுக்குப் போனார். 1972-ல் ஒரு கார்ட்டூன் தொடரில் சார்லி சானுக்குக் குரல் கொடுத்தார். மகனாக நடித்து முப்பத்தேழு வருஷம் கழித்துத்தான் அப்பா வேடம் கிடைத்தது, அதுவும் குரல் மட்டும்.

அந்தக் காலத்துப் படங்களுக்கு 28-ஆம் ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும் என்பது அப்போதைய அமெரிக்கச் சட்டம். பி படங்களில் பலவற்றை யாரும் புதுப்பிக்கவில்லை. அதனால்தான் அவை இன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன.

இன்னும் நான் சான் படங்களைப் பார்க்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா இப்போ என் கண் பின்னாடி நிற்கிற மகன் மேலதான் இருக்கு. தோழிக்கு அடுத்ததா அனுப்பினது அந்த ஆறாவது வாங் படம். முழுசா பார்த்துட்டு, "கொலைகாரனை நான் முன்னாடியே கண்டுபிடிச்சிட்டேன்"னு மெசேஜ் அனுப்பினாங்க.

நீங்களும் பாருங்க. யாரைச் சந்தேகப்பட்டீங்கன்னு எழுதுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.