வெற்றிலைக் கொடி: வெப்ப, குளிர்ப் பாதுகாப்பு

வெற்றிலை, மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுக் கொடி. நிழலும் ஈரக்காற்றும் உள்ள வெப்பமண்டலக் காடுகளின் இயல்புடையது என்பதால் நேர்வெயில், வறண்ட காற்று, கடுங்குளிர் ஆகிய மூன்றையும் தாங்காது. வெயில் மிகுந்தால் இலை வெளிறி ஓரம் கருகும். குளிர் மிகுந்தால் வளர்ச்சி நின்று இலை உதிரும்.

தமிழ்நாட்டில் கொடிக்கால் எனப்படும் வெற்றிலைத் தோட்டங்களில் அகத்தியே கொடிக்குப் படர்காலாகவும் நிழலாகவும் பயன்படுகிறது. அகத்தியை முன்னதாக விதைத்து, அது வளர்ந்த பின்னரே கொடித் துண்டுகளை நடுவர். தோட்டத்தின் ஓரங்களில் வாழை வளர்த்தும் ஓலைத் தட்டி கட்டியும் அனல்காற்றைத் தடுப்பதுண்டு. கோடையில் அடிக்கடி நீர் பாய்ச்சி மண்ணையும் காற்றையும் குளிர்விப்பர். ஆனால் நீர் தேங்கினால் வேர் அழுகும். மழைக்காலத்தில் அகத்திக் கிளைகளைக் கழித்து வெளிச்சமும் காற்றோட்டமும் தருவர். நிழலும் ஈரமும் அளவு கடந்தால் வாடல் நோய் பரவும் என்பதே காரணம்.

குளிர்காலம் உள்ள வங்காளத்தில் முறை வேறு. அங்கே மூங்கில் சட்டத்தின் மேல் வைக்கோல் வேய்ந்து, பக்கங்களைச் சணல் குச்சிகளால் அடைத்த 'பரோஜ்' என்னும் பந்தலுக்குள் கொடி வளர்கிறது. கோடை வெயிலையும் குளிர்காற்றையும் இந்த அடைப்பு ஒருசேரத் தடுக்கிறது.