ஸ்வெத்லானா (பெயர்)

ஸ்வெத்லானா என்பது ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ், பல்கேரியா, செர்பியா முதலிய ஸ்லாவிய நாடுகளில் பெண்களுக்கு இடப்படும் பெயர். ‘ஒளி’ எனப் பொருள்படும் ‘ஸ்வெத்’ இதன் வேர். வெண்மையைக் குறிக்கும் ‘ஸ்வேத’ என்னும் சமஸ்கிருதச் சொல்லும் இதே இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் கிளைத்தது. எனவே சுவேதா என்ற பெயருக்கு இது தூரத்து உறவு.

தோற்றம்

பழம்பெயர் போல ஒலித்தாலும் இது கவிஞர்கள் படைத்த பெயர். அலெக்சாந்தர் வஸ்தோக்கவ் 1802இல் எழுதிய ஒரு கதைக் கவிதையின் நாயகிக்கு இப்பெயரை இட்டார். வசீலி ஷுக்கோவ்ஸ்கியின் ‘ஸ்வெத்லானா’ கதைப்பாடல் (1813) இதை நாடறியச் செய்தது. ஜெர்மன் கவிஞர் பியூர்கரின் ‘லெனோர’ கதைப்பாடலை மாற்றிப் புனைந்தது அது. காதலனைப் பிரிந்த பெண் நள்ளிரவில் கண்ணாடி முன் அமர்ந்து குறி பார்க்கிறாள். கொடுங்கனவு கண்டு விழிக்கிறாள். காதலன் நலமாகத் திரும்பி வருகிறான்.

பரவல்

ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் புனிதர்களின் பெயர்களையே ஞானஸ்நானத்தில் சூட்டுவது மரபு. அந்தப் பட்டியலில் ஸ்வெத்லானா இல்லை. அதனால் 19ஆம் நூற்றாண்டில் இப்பெயர் குழந்தைகளுக்கு அரிதாகவே கிடைத்தது. போர்க்கப்பல்களுக்குத் தடையின்றிக் கிடைத்தது. 1905இல் ட்சுஷிமா கடற்போரில் மூழ்கிய ரஷ்யக் கப்பல்களுள் ‘ஸ்வெத்லானா’வும் ஒன்று. 1917 புரட்சிக்குப் பின் பிறப்புப் பதிவு திருச்சபையிடமிருந்து அரசின் கைக்கு மாறியது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சோவியத் குடும்பங்கள் பெரிதும் விரும்பிய பெயர்களுள் ஒன்றாக இது வளர்ந்தது. ஞானஸ்நானம் பெறும் ஸ்வெத்லானாக்களுக்கு, ஒளியையே குறிக்கும் கிரேக்கப் பெயரான ஃபோத்தினியா வழங்கப்படுவதுண்டு.

வடிவங்கள்

உக்ரைனிய மொழியில் ஸ்வித்லானா. பெலாரஸ் மொழியில் ஸ்வியத்லானா. வீட்டில் ஸ்வேத்தா, லானா எனச் சுருக்கி அழைப்பர்.

குறிப்பிடத்தக்கவர்கள்

ஸ்வெத்லானா அலிலுயேவா (1926–2011): ஸ்டாலினின் மகள். தம் துணைவர் பிரஜேஷ் சிங்கின் அஸ்தியுடன் 1966 டிசம்பரில் இந்தியா வந்தவர், 1967 மார்ச்சில் புதுதில்லியிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் தஞ்சம் கோரினார். பின்னாளில் லானா பீட்டர்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டார்.

ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா (பி. 1948): விண்வெளி வீராங்கனை. 1984 ஜூலை 25 அன்று சல்யூட்-7 நிலையத்திலிருந்து வெளியேறி, விண்ணில் நடந்த முதல் பெண் ஆனார்.

ஸ்வெத்லானா அலெக்சியேவிச் (பி. 1948): போர், செர்னோபில் விபத்து ஆகியவற்றில் சிக்கியவர்களின் வாய்மொழிகளைத் தொகுத்து எழுதிய பெலாரஸ் எழுத்தாளர். 2015இல் இலக்கிய நோபல் பரிசு பெற்றார்.

ஸ்வெத்லானா ஹோர்க்கினா (பி. 1979): ரஷ்ய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. 1996, 2000 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றார்.

ஸ்வெத்லானா குஸ்னெத்சோவா (பி. 1985): ரஷ்ய டென்னிஸ் வீராங்கனை. அமெரிக்க ஓப்பன் (2004), பிரெஞ்சு ஓப்பன் (2009) ஒற்றையர் பட்டங்களை வென்றவர்.